மாரியில் மூடிய பெட்டி: வன்னியில் ஒரு முத்திரைச் சேகரிப்பு பழுதானதும் மீட்டதும்

இரணைமடுக்குளத்து வாய்க்கால் ஓடும் வயல்களை ஒட்டிய ஊரில் ஒரு வீடு. கல் சுவர், தகரக் கூரை, சீலிங் இல்லை. முத்திரைகள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையவை. முத்திரைகளைக் கீலால் (பசை தடவிய சிறு தாள்துண்டு) ஒட்டிய தாள் அல்பம் மூன்று, கண்ணாடித்தாள் பட்டி வைத்த கோர்வைப் புத்தகம் இரண்டு, முதல்நாள் உறைகள் (முத்திரை வெளியான நாளிலேயே அஞ்சல்குறி இட்ட கடித உறைகள்) செருகிய கோப்பு ஒன்று. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 7 கிலோ. ஐந்தாம் ஜோர்ஜ் காலத்து இலங்கை முத்திரைகளில் தொடங்கி 1972இல் நாட்டின் பெயர் மாறும்வரை ஒழுங்காகவும், அதற்குப் பிறகு விட்டுவிட்டும் சேர்ந்தவை. போர்க் காலம் முழுவதும் கொழும்பில் உறவினர் வீட்டில், குளிரூட்டிய அறையில் இருந்தன. ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரே மாரியில் பழுதாகின.

பாதுகாப்புக்காகச் செய்தது இது. கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு நாளில் அல்பங்களை 45 லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் உள்ள 5 கிராம் பொதி 10, பூச்சி உருண்டை ஒரு கைப்பிடி, பச்சை வேப்பிலை ஒரு கொத்து எல்லாவற்றையும் போட்டு, மூடியைச் சுற்றி ரேப் (ஒட்டுநாடா) ஒட்டினார்கள். பெட்டி இரும்பு அலுமாரியின் கீழ்த்தட்டுக்குப் போனது. அலுமாரி வடக்குப் பக்க வெளிச்சுவரோடு முட்டி நின்றது. பெட்டியைத் திறந்தது மாசியில்.

அல்ப அட்டைகளின் துணி உறையில் சாம்பல்வெள்ளையாகப் பூஞ்சணம். இரண்டாவது கோர்வைப் புத்தகத்தில் பாவிக்காத முத்திரைகள் பெரும்பாலானவை கண்ணாடித்தாள் பட்டியோடு பிடித்துவிட்டன. பழைய தாள்களில் கறள் நிறப் புள்ளிகள். முதல்நாள் உறைக் கோப்பின் பிளாஸ்ரிக் பைகள் பிசுபிசுத்து, சில உறைகளின் அச்சு மை பையில் ஏறியிருந்தது. வேப்பிலை பட்ட இரு தாள்களில் பழுப்புக் கறை. ஓரிரு பக்க ஓரங்களில் இராமபாணப் பூச்சி மேற்பரப்பைச் சுரண்டித் தின்ற தடம்.

இவ்வளவும் நடந்த பெட்டிக்குள் மழைத்தண்ணீர் ஒரு துளிகூடப் போகவில்லை. இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது அதுதான்.

ஈரம் எங்கே இருந்தது

பெட்டிக்குள் இருந்த காற்றைத்தான் எல்லோரும் முதலில் சந்தேகிப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் காற்று நிறைவாகப் பிடிக்கும் நீராவி 30 கிராமுக்குச் சற்று மேல். சாரீரப்பதன், அதாவது காற்று பிடிக்கக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு, 85 வீதம் என்றால் 45 லீற்றர் பெட்டிக்குள் இருப்பது 1.2 கிராம் அளவு. 50 வீதத்துக்கு இறக்க அதில் அரைக் கிராமை எடுத்தால் போதும். ஒரேயொரு 5 கிராம் பொதி அதை முடித்துவிடும்.

கடதாசியின் கணக்கு வேறு. 85 வீதக் காற்றில் கிடந்த கடதாசி தன் எடையில் 13 வீதம் அளவுக்கு நீரை வைத்திருக்கும். 50 வீதக் காற்றில் அது 7 வீதம் அளவுக்கு இறங்கும். வித்தியாசம் 6 வீதம். 7 கிலோ அல்பத்தில் அது 400 கிராம், கிட்டத்தட்ட இரண்டு தேநீர்க் கோப்பை தண்ணீர். சிலிக்கா ஜெல் 50 வீதச் சூழலில் தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீரைத்தான் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் தேவை 2 கிலோ ஜெல். போட்டது 50 கிராம். அது எடுத்திருக்கக்கூடியது 10 கிராம். மிச்ச நீர் முழுவதையும் ரேப் ஒட்டி உள்ளேயே பூட்டிவிட்டார்கள். பச்சை வேப்பிலை தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தது.

வன்னியில் நெல்லைக் காயவிடாமல் மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்று எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெல் சந்தைப்படுத்தும் சபையும் உத்தரவாத விலைக்கு 14 வீத ஈரப்பதனையே கேட்கிறது. அல்பத்துக்கும் அதே ஒழுங்குதான்: முதலில் காயவிடு, பிறகு மூடு. மூடிவிட்டுக் காயவைக்க முயன்றால் ஜெல் தோற்கும்.

பூஞ்சணத்துக்குத் தேவையான மற்ற எல்லாமே உள்ளே இருந்தன. சாரீரப்பதன் 65 வீதத்தைத் தாண்டிச் சில வாரம் நின்றாலே அது முளைக்கப் பார்க்கும். 80ஐத் தாண்டினால் நாட்களே போதும். வெப்பநிலை இங்கு வருடம் முழுவதும் அதற்குச் சாதகம். உணவு, பசையும் அட்டைத் துணியில் தோய்த்த மாப்பசையும்.

இரும்பு அலுமாரி நிலைமையை மோசமாக்கியது. 30 பாகையில் 85 வீத ஈரத்தோடு இருக்கும் காற்றின் பனிபடுநிலை, அதாவது குளிர்ந்து நீர்த்துளி படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 27 பாகை. மார்கழியில் வாடைக்காற்று அடிக்கும் இரவில் வடக்குச் சுவர் அதற்குக் கீழே இலகுவாக இறங்கும். சுவரை ஒட்டிய இரும்புத் தகடும் கூடவே குளிரும். பகலில் தகரக் கூரை சூடேற்றிய ஈரக் காற்று அதில் பட்டதும் தகடு வியர்க்கும். பெட்டியின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த அல்பத்தில் பூஞ்சணம் அதிகம் பிடித்ததற்குக் காரணம் இதுவே.

பொருட்கள் பற்றிச் சுருக்கமாக. பிசுபிசுத்த பைகள் பீவீசீ. அதை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப்பதார்த்தம் வெப்பத்தில் வெளியே கசிந்து மையை இழுக்கும். முத்திரைக்கு பொலிப்புரொப்பிலீன் அல்லது பொலியெஸ்ரர் உறைதான் சரி. படங்களுக்கென்று விற்கும், தாளே ஒட்டும் தன்மையுள்ள அல்பம் ஒருபோதும் வேண்டாம். பூச்சி உருண்டையின் ஆவி பொலிஸ்ரைரீன் போன்ற பிளாஸ்ரிக்குகளை இளக்கும், மூடிய பெட்டியில் பளிங்காகப் படியும்; பூஞ்சணத்தை அது தடுப்பதுமில்லை.

ஒட்டியதைப் பிரித்தல்

முதல் வேலை பிரிப்பதல்ல, காயவிடுவது. ஈரமாக இருக்கும் பூஞ்சணத்தைத் துடைத்தால் கடதாசிக்குள் தேய்ந்து இறங்கும். அல்பங்களை நிமிர்த்தி, தாள்களை விசிறிபோல் விரித்து, வெயில் படாத அறையில் மேசை மின்விசிறியின் காற்று நேரே அடிக்காமல் சுவரில் பட்டுத் திரும்பும்படி வைத்தார்கள். பூஞ்சணம் மாவாக உதிரும் நிலைக்கு வந்த பிறகு முற்றத்தில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, முகக்கவசம் போட்டு, மென்மையான வர்ணத் தூரிகையால் தாளின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தார்கள். ஈரத்துணியோ ஸ்பிரிட்டோ முத்திரையில் படக்கூடாது. 70 வீத மதுசாரம் வெறும் பெட்டியையும் அலுமாரித் தட்டையும் துடைக்க மட்டும். குளோரின் கலந்த வெளுப்பான்கள் கறையோடு நிறத்தையும் தின்னும். மிச்சமாகத் தங்கும் உப்பு கடதாசியை மெல்ல மெல்ல உக்க வைக்கும். கறள் புள்ளி விழுந்த முத்திரை அப்படியே இருக்கட்டும் என்பதே எங்கள் தீர்ப்பு. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு உறையில் வைத்தால் போதும்.

பட்டியோடு ஒட்டிய ஒரு நால்தொகுதியை (பிரிக்காத நான்கு முத்திரைகள்) எப்படி மீட்டார்கள் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். பலரும் பிழை விடும் இடம் இதுதான். நகத்தாலோ கத்தியாலோ கிளப்பவில்லை. கண்ணாடித்தாள் பட்டியைத் தொகுதியைச் சுற்றி, ஓரப் பற்களிலிருந்து 5 மில்லிமீற்றர் தள்ளிக் கத்தரித்து, பட்டியும் முத்திரையுமாக வெளியே எடுத்தார்கள். மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டி ஒன்றின் அடியில் நனைத்துப் பிழிந்த பஞ்சு, அதன்மேல் 2 சென்ரிமீற்றர் உயரத்தில் பிளாஸ்ரிக் வலை, வலையின்மேல் தொகுதி, பட்டிப் பக்கம் கீழே. மூடியை மூடி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது. மூடியில் திரளும் துளி முத்திரையில் விழாதபடி மூடியின் உட்புறம் ஒற்றுத்தாள் ஒன்றை ஒட்டியிருந்தார்கள்.

மூலையொன்று தானாகக் கிளம்பத் தொடங்கியதும் மெல்லிய பொலியெஸ்ரர் துண்டொன்றை அந்த இடைவெளியில் செருகி, முத்திரையை மேசையில் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, பட்டியைத்தான் பின்னோக்கி மடித்து உரித்தார்கள். முத்திரையை வளைத்தால் பற்களின் இணைப்பு அறும். ஓரிடத்தில் இழுவை தட்டுப்பட்டதும் நிறுத்தித் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்கள். எமது வெப்பநிலையில் முத்திரையின் பின்புறத்து அரபிக் கோந்துப் பசை ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் இளகிவிடும். இரவு முழுவதும் விட்டால் அந்தப் பெட்டியே பூஞ்சண நாற்றுமேடை ஆகும். பிரிந்த தொகுதியைப் பசைப்பக்கம் கீழாக, கேக் தட்டுக்கு விரிக்கும் சிலிக்கன் தாளின்மேல் வைத்து, முகத்தின்மேல் ஒற்றுத்தாள், அதன்மேல் ஒரு கிலோ பாரம். பசை தன் பளபளப்பை இழந்தது. கடதாசி முழுமையாகத் தப்பியது.

இதைத் தொடங்குமுன் மையைப் பார்க்க வேண்டும். ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் காலத்து முத்திரைகளில் சில சோக்குப் பூச்சுக் கடதாசியில், தண்ணீர் பட்டால் ஓடும்படியே தயாரித்த ஊதா, பச்சை மைகளில் அச்சானவை. முத்திரையைக் கழுவித் திரும்பப் பாவிப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. இவற்றை ஈரப்பெட்டியிலும் வைக்கக்கூடாது, தண்ணீரிலும் போடக்கூடாது. இந்தச் சேகரிப்பில் அப்படியான சிலவற்றைப் பட்டித் துண்டோடேயே விட்டுவிட்டார்கள்.

பாவித்த, முத்திரைகுத்திய சாதாரண முத்திரைகள் தாளோடு ஒட்டியிருந்தால் அறை வெப்பநிலைத் தண்ணீரில் 15 முதல் 30 நிமிடம் மிதக்கவிட்டு, வேறு தண்ணீரில் அலசி, ஒற்றுத்தாளில் முகம் கீழாகக் காயவிட்டால் போதும். ஆனால் வன்னிக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சவர். சில இடங்களில் இரும்பும் உண்டு. அந்த இரும்பு கடதாசியில் தங்கிப் பின்னாளில் கறள் புள்ளிக்கு வித்தாகும். கராஜ்களில் பற்றரிக்கு ஊற்ற விற்கும் வடித்த தண்ணீர் ஒரு போத்தல் போதும். பற்றரி அசிற் போத்தல் அதன் பக்கத்திலேயே இருக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

பூச்சிக்கு உறைபெட்டி (பிரீசர்) நல்ல மருந்து. அல்பத்தைக் காய்ந்த நிலையில் இரட்டைப் பொலித்தீன் பையில் காற்றை அழுத்தி எடுத்துக் கட்டி, மறை 18 பாகையில் (-18°C) இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு 24 மணித்தியாலம் பையைத் திறக்கக்கூடாது. திறந்தால் குளிர்ந்த கடதாசியில் அறையின் ஈரம் முழுவதும் படியும். மின்வெட்டு அதிகமான நாட்களில் இதைத் தொடங்க வேண்டாம்.

காயவிட்டு மூடியது

ஈரப்பதன்மானியை நம்புமுன் அதைச் சோதிக்க வேண்டும். மலிவான இலக்க மானிகள் 5 வீதம்வரை பிழை காட்டும். போத்தல் மூடியொன்றில் தூள் உப்பு எடுத்து, ஈரமணல் போலாகும்வரை சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து இறுக மூடும் பையில் 12 மணித்தியாலம் வைத்தால் மானி 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் அந்த மானியில் எப்போதும் 4ஐக் கழித்து வாசிக்கலாம். கல்லுப்பில் மக்னீசிய உப்பும் கலந்திருக்கும், அதனால் அளவு குறைந்து காட்டும். ஆனையிறவு உப்பே என்றாலும் சுத்திகரித்த தூளாக இருக்கட்டும்.

பெட்டி கட்டும் காலம் ஆனியும் ஆடியும். சோளகம் அடிக்கும், மழை இராது. நண்பகலில் அறைக்குள் மானி 60க்குக் கீழே இறங்கும் நாட்கள் வரும். அந்த நாட்களில் முற்பகல் 11 முதல் பிற்பகல் 3 மணிவரை அல்பங்களை விரித்து வைத்து, பொழுது சாயுமுன் பொலித்தீன் பையில் இட்டுக் கட்டினார்கள். இரவுக் காற்றில் திறந்து கிடந்தால் பகலில் விட்ட ஈரத்தைக் கடதாசி திரும்ப எடுத்துக்கொள்ளும். போதுமா என்று அறிய ஒரு வழி உண்டு. அல்பத்தின் நடுத்தாள்களுக்கிடையில் மானியைச் செருகி, பையைக் கட்டி, மறுநாள் காலை பார்த்தால் கடதாசியின் உண்மையான நிலை தெரியும். 55 காட்டும்வரை பெட்டிக்கு அனுப்பவில்லை. முல்லைத்தீவுக் கரையோர வீடுகளில் கடற்காற்றால் இது பிந்தும்; உட்பக்கம் மாங்குளத்திலோ ஒட்டுசுட்டானிலோ உறவினர் வீடிருந்தால் அங்கே காயவிட்டு, பையில் கட்டி எடுத்துவருவது நல்லது.

புதிய பெட்டி 45 லீற்றர், அடியில் முக்கோணத்துக்குள் பொலிப்புரொப்பிலீனைக் குறிக்கும் 5 என்ற இலக்கம், மூடியில் சிலிக்கன் றப்பர் வளையம், நான்கு பக்கமும் கொளுக்கி. பழைய பெட்டியில் வளையம் இருக்கவில்லை. ரேப் வெப்பத்தில் இளகி விட்டுவிடும். அல்பங்கள் நிமிர்ந்து, ஒன்றையொன்று நெருக்காமல். படுக்கப் போட்டு அடுக்கினால் மேல் அல்பத்தின் பாரமே பசையைப் பட்டியில் ஒட்டவைக்கும்.

ஜெல் 300 கிராம், தடித்த பருத்தித் துணிப்பையில். அந்த அளவு எப்படி வந்தது? 300 கிராம் எடுக்கக்கூடிய நீர் 60 கிராம். 7 கிலோ கடதாசியிலிருந்து அதை எடுத்தால் கடதாசியின் ஈரம் ஒரு வீதத்துக்கும் குறைவாகவே இறங்கும். பெட்டிக்குள் சாரீரப்பதன் 55இலிருந்து 50 அளவுக்கு வரும். வேண்டியது அவ்வளவே. சிறிய பேணியொன்றில் நாலைந்து முத்திரையோடு இதே 300 கிராமைப் போட்டால் 20க்கும் கீழே இறங்கி, பசை வெடித்து, முத்திரை சுருளும். பழைய சேகரிப்பாளர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

நிறம் மாறும் ஜெல் மணியை நம்பிப் பை மாற்றும் காலம் குறிக்க வேண்டாம். நீல மணி 40 வீதத்தை அண்டியே இளஞ்சிவப்பாகிவிடும். நாம் வைத்திருக்க விரும்பும் 50இல் அது எப்போதும் சிவப்புத்தான். நீலத்துக்குக் காரணமான கோபால்ற் உப்பு உடலுக்கும் கேடு. நிறமற்ற மணியை வாங்கி, பையின்மேல் காய்ந்த எடையை எழுதி, தராசில் வைத்துப் பார்ப்பதே நேரான வழி. 300 கிராம் பை 355 ஆனால் மாற்ற வேண்டும். மாற்றுப்பை ஒன்று எப்போதும் இறுக மூடிய போத்தலில் ஆயத்தமாக இருக்கட்டும். காயவைக்க மணிகளைப் பையிலிருந்து கொட்டி, மின் ஓவனில் 120 பாகையில் இரண்டு மூன்று மணித்தியாலம். அது இல்லாத வீட்டில் தனியாக ஒதுக்கிய பழைய தாச்சியில் மெல்லிய நெருப்பில் கிளறி, எடை குறைவது நின்றதும் இறக்கலாம்.

அரிசி போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். 13 வீத ஈரமுள்ள சாதாரண அரிசி தன்னைச் சுற்றியுள்ள காற்றை 65 முதல் 70 வீதத்தில்தான் நிறுத்தும். அது பூஞ்சணத்தின் எல்லை. மாவும் வண்டும் வேறு. கரி நடுத்தர ஈரத்தில் அதிகம் எடுக்காது. சுட்ட சுண்ணாம்பு எடுக்கும், ஆனால் ஊதித் தூளாகி, காரத் தூசு முத்திரையில் படியும். அலுமாரிக்கென்று விற்கும் கல்சியம் குளோரைட் டப்பாவில் தண்ணீர் திரளும். அது சரிந்தால் பெட்டியில் உள்ளது எல்லாமே போகும்.

அலுமாரிக்குள் மின்குமிழ் எரிப்பது மட்டும் உண்மையில் வேலை செய்யும் பழைய முறை. 28 பாகையில் 80 வீதமாக உள்ள காற்றை 33 பாகைக்குச் சூடேற்றினால் சாரீரப்பதன் 60க்கு இறங்கும். 15 வாற் இழைக்குமிழ் அதற்குப் போதும். எல்ஈடி குமிழ் போதிய சூடு தராது. மின்சாரம் நின்ற மணித்தியாலத்திலேயே பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதும், தீ பற்றக்கூடும் என்பதும், வெளிச்சம் நிறத்தை மங்கவைக்கும் என்பதும் குறைகள். கமராக்காரர் பாவிக்கும் மின் உலர்பெட்டி வாங்க முடிந்தவருக்கு அதுவே மேல்.

இரும்பு அலுமாரி இப்போது உட்சுவர்ப் பக்கம், சுவரிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறது. இடைவெளி காற்றுக்கு மட்டுமல்ல, கறையான் மண்குழாய் கட்டிவந்தால் கண்ணில் படுவதற்கும். பெட்டி மேல்தட்டுக்கு ஏறியது. 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்டவர்களுக்குக் கீழ்த்தட்டு ஏன் ஆகாதென்று விளங்கும்.

அடுத்த மாரியில் அறையின் மானி 85க்கும் 90க்கும் இடையில் நின்ற வாரங்களில் பெட்டிக்குள் 49 முதல் 54. பை ஒருமுறை மாற்றப்பட்டது. பெட்டியைத் திறந்து மூடுவதால் உள்ளே வருவது அரைக் கிராம் ஈரந்தான். அதற்குப் பயப்படத் தேவையில்லை. மழைநாள் மாலையில் அல்பத்தை வெளியே எடுத்து மடியில் வைத்து மணிக்கணக்காகப் புரட்டுவதுதான் கேடு. கடதாசி அதற்குள் குடிக்கும் ஈரத்தைப் பெட்டிக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவோம். ஐப்பசியிலிருந்து தைவரை பார்க்க வேண்டிய தேவை வந்தால் ஒரு தாளை மட்டும் எடுத்து, பொலியெஸ்ரர் உறையில் இட்டுப் பார்த்து, வெளியே இருந்த நேரம் கூடிப்போனால் நேரே அல்பத்துக்குத் திருப்பாமல் சிறிய பையில் ஜெல்லோடு ஓரிரவு வைத்துப் பிறகு சேர்க்க வேண்டும்.

பிசுபிசுத்த பீவீசீ கோப்பிலிருந்து எடுத்த முதல்நாள் உறைகள் இன்னும் பிரதான பெட்டிக்குள் போகவில்லை. அவற்றில் ஏறிய எண்ணெய்ப்பதார்த்தம் அருகிலுள்ள தாளுக்கும் பரவும். உறை ஒவ்வொன்றுக்கும் இடையில் அமிலமற்ற வெள்ளைத்தாள் வைத்து, தனியான சிறிய பெட்டியில், தாளில் மஞ்சள் ஏறினால் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். அடுத்த ஆனியில் முதலில் விரித்துக் காயவிடப் போவது அந்தப் பெட்டியை.